அப்பா கோல்ஃப் ஆடிய நாள்

என் அப்பா வாழ்நாளில் ஒரே ஒரு முறை கோல்ஃப் ஆடினார். அதற்கு இருநூற்று ஐம்பத்தெட்டு வெள்ளி ஆனது. ரசீது அடித்துக் கொடுத்தவள் நான்தான். அதைவிடப் பெரிய தொகைகளைத் தினமும் அந்தக் கவுண்டரில் வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தவள், அன்றைக்கு இரண்டு முறை தப்பாக அடித்து, மூன்றாவது முறைதான் சரியாக அடித்தேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. புலாவ் செபாங் பக்கம் நாங்கள் பிறந்து வளர்ந்த ரப்பர் தோட்டத்தை விற்றுவிட்டார்கள். வாங்கிய கம்பெனி மரங்களை வேரோடு சாய்த்துவிட்டு, பதினெட்டு ஹோல் கோல்ஃப் மைதானம் போட்டது. மைதானத்தைச் சுற்றி, வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்களுக்கென்றே வரிசையாக வீடுகள் கட்டியது. சிங்கப்பூரிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் வயதானவர்கள் வந்து வாங்கினார்கள். ஜப்பான்காரர்கள் சிலரும் வந்து குடியேறினார்கள். தோட்டத்து லயத்து வீடுகளில் இருந்த நாங்கள் டவுனுக்கு வெளியே மலிவு விலை வீடுகளுக்குப் போனோம். பால்மரம் சீவிய பெண்களில் பாதிப் பேர் மறுபடியும் அதே இடத்துக்குத்தான் வேலைக்கு வந்தார்கள். முதலில் மைதானத்தில் புல் நட்டார்கள், பிறகு கோல்ஃப் ஆடுபவர்களுக்குக் கேடியாகப் பை தூக்கினார்கள். என் அம்மாவும் அப்படித்தான். பள்ளி இறுதியான ஐந்தாம் படிவம் வரை படித்திருந்ததால் எனக்கு மட்டும் குளிர்சாதன அறைக்குள், முன் கவுண்டரில், பணம் வாங்கும் வேலை கிடைத்தது.

வேலையில் சேர்ந்த முதல் வாரம் கட்டணப் பட்டியலை மனப்பாடம் செய்யச் சொன்னார்கள். படித்துப் பார்த்துவிட்டு அச்சுப் பிழை என்றே நினைத்தேன். உறுப்பினராகச் சேரக் கட்டும் பணத்தில் எங்கள் மலிவு வீட்டை வாங்கிவிட்டு, மிச்சத்தில் ஒரு பழைய காரும் வாங்கலாம். அதற்கப்புறம் மாதச் சந்தா. ஆடினாலும் கட்ட வேண்டும், காலில் கட்டுப் போட்டுக்கொண்டு வீட்டில் படுத்திருந்தாலும் கட்ட வேண்டும். பையை வைக்கிற அலமாரிக்குத் தனி வாடகை. ஏரியில் விழுந்த பந்து போனது போனதுதான், புதுசு ஒன்று பத்து வெள்ளி.

அங்கே குடியிருந்த வயதான சீன மாது ஒருவர், ஓய்வு பெற்ற ஆசிரியை, மாதா மாதம் பில் கட்ட வரும்போது என்னிடம் புலம்புவார். இருவரின் மருந்துச் செலவையும் சாப்பாட்டுச் செலவையும் சேர்த்துக் கூட்டினாலும் புருஷனின் கோல்ஃப் செலவுக்குக் கிட்டே வராதாம். அந்த மனிதர் பசாரில் மீன்காரனோடு ஐம்பது காசுக்குக் கால் மணி நேரம் மல்லுக்கு நிற்பாராம். இங்கே கேட்ட பணத்தை வாயைத் திறக்காமல் கட்டிவிட்டுப் போவார். எனக்குச் சிரிப்பாகவும் இருக்கும், எரிச்சலாகவும் இருக்கும். ஒரு பந்தைக் குச்சியால் தட்டிக்கொண்டு நடப்பதற்கு இவ்வளவா என்று எனக்கு மனம் ஆறவே இல்லை.

அப்பாவுக்கு இந்த ஆட்டத்தின் மேல் ஒரு அக்கறையும் இருந்ததில்லை. அவருக்கு வேண்டியிருந்தது பதினான்காவது ஹோல் இருக்கும் இடம். தோட்டத்து இடுகாடு முன்பு அங்கேதான் இருந்தது. அந்த இடுகாட்டில் என் அண்ணன் இருந்தான்.

மூன்று மாதக் குழந்தையாக இருந்தபோது காய்ச்சல் கண்டு இரண்டே நாளில் போய்விட்டான். நான் அவனைப் பார்த்ததில்லை. மறு வருடம் பிறந்தவள் நான். நாங்கள் வேதக்காரர்கள், கல்லறைக்குச் சிலுவை வைப்பதுதான் எங்கள் வழக்கம். ஆனால் எங்கள் தோட்டத்தில், வேதக்காரர்களானாலும் இந்துக்களானாலும், பால்குடிப் பிள்ளைக்குக் கல்லோ சிலுவையோ வைக்க மாட்டார்கள். வைத்தால் அடுத்த பிள்ளை தங்காது என்பார்கள். ஒரு குரோட்டன் செடியை நட்டுவிட்டு வந்துவிடுவார்கள். அடுத்த பிள்ளையாகிய நான் தங்க வேண்டும் என்பதற்காக என் அண்ணனுக்கு ஒரு மரச் சிலுவைகூட இல்லாமல் போயிற்று.

தோட்டம் கை மாறியபோது மைதானம் போட வந்த குத்தகைக்காரரின் ஆள் ஒருவர் நோட்டுப் புத்தகத்தோடு வந்து கல்லறைகளை எண்ணினார். கல்லும் சிலுவையும் இருந்ததையெல்லாம் தோண்டி எடுத்து, டவுன் இடுகாட்டில் ஒரு மூலையில் கொண்டுபோய் வைத்தார்கள். குரோட்டன் செடிகளை அவர் எண்ணவில்லை. அப்பா தேடிப் போய்ச் சொன்னபோது, சரி, எழுதிக்கொள்கிறேன் என்றாராம். எழுதவே இல்லை என்பது மண்வாரி இயந்திரம் வேலையை முடித்துவிட்டுப் போன பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. அப்பா அன்றைக்குச் சாப்பிடவில்லை. அம்மாவோ வாயே திறக்கவில்லை.

வருடா வருடம் நவம்பரில் கல்லறைத் திருநாளன்று அப்பா அங்கே மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வருவார். மைதானம் திறந்த வருடமும் மெழுகுவர்த்தியும் கொஞ்சம் செவ்வந்தியும் எடுத்துக்கொண்டு போனார். வாசலில் காவலுக்கு நின்ற ஜாகா தடுத்துவிட்டார். நான் மேனேஜரிடம் போய்க் கேட்டேன். அவர் கெட்ட மனிதர் இல்லை. பந்து தலையில் பட்டால் யார் பதில் சொல்வது, இன்சூரன்ஸ் ஒத்துக்கொள்ளாது, பணம் கட்டி ஆடுகிறவர்களும் அவர்களோடு வருகிறவர்களும் மட்டும்தான் உள்ளே போகலாம் என்றார். வேலையாட்களானால் அவரவர் வேலை இருக்கும் இடத்தைத் தாண்டக் கூடாது. இதை வீட்டில் அப்படியே சொன்னேன். அப்பா தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். ஒன்பது மாதம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. பிறகு ஒரு நாள், நான் வேலை விட்டு வந்து காலைக்கூடக் கழுவவில்லை, என் முன்னால் வந்து நின்றார்.

"ஆடுறவங்க உள்ள போலாம்னுதான ஒங்க மேனேஜர் சொன்னாரு? அப்ப நான் ஆடுறேன்."

முதலில் சிரித்துவிட்டேன். பிறகு அவர் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினேன். எப்படியாவது மனத்தை மாற்றிவிடலாம் என்று ஒரு தாளை எடுத்து அவர் கண் முன்னாலேயே கணக்கை எழுதினேன். வார நாளில் வெளியாள் ஆட நூற்று இருபது வெள்ளி. நடந்து போக விட மாட்டார்கள், வண்டி எடுத்தே ஆக வேண்டும், அதற்கு நாற்பது. கேடியும் கட்டாயம், இருபது. குச்சிகள் வாடகைக்கு நாற்பது. அடியில் முள் வைத்த சப்பாத்து பதினைந்து. இன்சூரன்ஸ் மூன்று. துணைக்கு நான் வண்டியில் சும்மா உட்கார்ந்து வருவதற்கு இருபது. என் மாதச் சம்பளம் அப்போது நானூற்று ஐம்பது. எழுத எழுத எனக்கே தலை சுற்றியது. அப்பா தாளை வாங்கி, மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். டவுனில் ஒரு சாமான் கிடங்கில் ஜாகாவாக இருந்தவர், மறுநாளிலிருந்து இரட்டை ஷிஃப்ட் கேட்டு வாங்கிக்கொண்டார்.

அம்மா குதித்தாள். இந்த வயதில் இந்தக் கூத்து தேவையா என்று கேட்டாள். வெயிலில் விழுந்து கிடந்தால் யார் தூக்குவது என்று கேட்டாள். நீயே போகிறபோது ஏற்றிவிட்டு வாயேன் என்று நான் சொன்னதற்கு என் மேல் பாய்ந்தாள். வேலை நேரத்தில் மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டு நின்றால் கேடி நம்பரைப் பிடுங்கிவிடுவார்களாம். அப்பா எதற்கும் மசியவில்லை. பிள்ளையைக் கையில் ஏந்திப்போய் வைத்தவன் நான், போக வேண்டியதும் நான் என்றார். கடைசியில் அம்மா ஒன்றே ஒன்று சொன்னாள். அன்றைக்குப் பை தூக்க வேறு எவளும் வரக் கூடாது, அவள்தான் வருவாளாம்.

அந்த வருடம் கல்லறைத் திருநாள் வார நாளில் வந்தது. அப்பா கோயிலுக்குப் போடும் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார். காலர் இருந்ததால் விட்டார்கள். மெழுகுவர்த்தி கால்சட்டைப் பைக்குள் இருந்தது. கவுண்டரில் என் கையில் பணத்தைக் கொடுத்துவிட்டு, முன்பின் தெரியாதவரிடம் கேட்பதுபோல ரசீது கேட்டார். கொடுத்துவிட்டு, அரை நாள் லீவு எழுதிப் போட்டுவிட்டு அவரோடு கிளம்பினேன்.

கேடிகளுக்கு முறை வரிசைப்படிதான் வரும். அம்மா வேறொரு பெண்ணிடம் பேசி முறையை மாற்றி வைத்திருந்தாள். அன்றைக்குப் பத்தாவது ஹோலிலிருந்தும் ஆட்டம் தொடங்கலாம் என்பதைத் தெரிந்துகொண்டு, அங்கிருந்தே எங்களைக் கிளப்பினாள். இல்லாவிட்டால் பதின்மூன்று ஹோல் ஆடிய பிறகுதான் அண்ணனிடம் போயிருக்க முடியும். ஆட்டத்தைத் தொடங்கி வைக்கிறவர் பார்த்துக்கொண்டே நின்றதால் அப்பா அடித்துத்தான் ஆக வேண்டியிருந்தது. குச்சியை இரண்டு கையாலும் பிடித்து, லாலான் புல்லை வெட்டுவது போல வீசினார். மூன்று முறை புல்தான் பறந்தது. நாலாவது முறை பந்து உருண்டு பத்தடி போனது. அம்மா, மற்ற ஆட்டக்காரர்களிடம் சொல்வது போலவே, நல்ல அடி என்று ஆங்கிலத்தில் சொன்னாள். வெட்கத்தில் எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

வண்டி உள்ளே போகப் போக அப்பாவின் முகம் மாறியது. நாற்பது வருடம் நடந்த இடம் அவருக்கு அடையாளம் தெரியவில்லை. மேட்டைச் சீவியிருந்தார்கள், பள்ளத்தை நிரவியிருந்தார்கள். இது எந்தப் பக்கம், இது எந்தப் பக்கம் என்று ஒவ்வொரு திருப்பத்திலும் கேட்டார். சின்னப் பிள்ளைபோல அவர் கேட்பதைக் கேட்க எனக்குப் பயமாக இருந்தது. பழைய லாரிப் பாதையில் இருந்த ஒரு சிறு சிமெண்டுப் பாலம் மட்டும் தப்பியிருந்தது. அதற்கு வெள்ளை அடித்து, கோல்ஃப் வண்டிகள் போகும் பாதையாக வைத்திருந்தார்கள்.

பாலத்தைத் தாண்டியதும் அம்மா வண்டியை நிறுத்தச் சொன்னாள். பக்கத்தில் நல்ல நிழலுள்ள ஒரு மரம், கீழே பாய் விரித்ததுபோல் புல். இதுதான் இடம், இங்கேயே ஏற்றிவிடுங்கள் என்றாள். அப்பா அந்த இடத்தை ஒரு பார்வை பார்த்தார், இல்லை என்றார். அம்மா மறுபடியும், நான் தினமும் வருகிறவள், எனக்குத் தெரியாதா என்றாள். அவர் பாலத்துக்கே திரும்பி நடந்தார். அங்கே நின்று பதினைந்து வெள்ளி சப்பாத்தைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். அதைப் போட்டுக்கொண்டு நடந்தால் அளவு வராதாம்.

முன்பு அந்தப் பாலத்திலிருந்து தொடங்கிய ரப்பர் மர நிரையில் அவர்தான் பல வருடம் மரம் சீவியவர். ஒரு மரத்துக்கும் அடுத்த மரத்துக்கும் எத்தனை எட்டு என்று அவர் எண்ண வேண்டியதே இல்லை, கால் தானாகவே நின்றது. மரம் ஒன்றுகூட இல்லை. ஆனாலும் ஒவ்வொரு மரத்தடியிலும் ஒரு நொடி நின்று நின்று போனார். நான் பின்னாலேயே எண்ணிக்கொண்டு போனேன். பதினொரு மரம். பிறகு இடது பக்கம் திரும்பினார். நாலு எட்டு வைத்ததும் புல் முடிந்துவிட்டது. ஐந்தாவது எட்டு வைக்கத் தரையில்லை. அங்கே ஒரு மணல் பள்ளம் இருந்தது.

ஆட்டக்காரர்களின் பந்து விழுந்து சிக்கிக்கொள்வதற்காக வேண்டுமென்றே தோண்டுவார்களே, அந்தப் பள்ளம். அப்பா உள்ளே இறங்கினார். விளிம்பு அவர் நெஞ்சு வரை வந்தது. பால்குடிப் பிள்ளைக்கு எவ்வளவு ஆழம் தோண்டுவார்கள் என்பது தோண்டியவருக்குத் தெரியும். அவர் நிற்கும் தரை அதைவிட ஆழத்தில் இருந்தது. எனக்கும் அது உறைத்தது. நான் புல்லிலேயே உட்கார்ந்துவிட்டேன். உள்ளே விழுந்த பந்தை எடுக்க எத்தனை பேர் அந்த மணலில் இறங்கி ஏறியிருப்பார்கள் என்றுதான் என் புத்தியில் ஓடியது.

பின்னால் இரண்டு ஜப்பானியக் கிழவர்கள் காத்திருந்தார்கள். அம்மா கையைத் தூக்கி அவர்களை முந்திப் போகச் சொல்லிச் சைகை காட்டினாள். அவர்கள் குனிந்து வணங்கிவிட்டுப் போனார்கள். அவர்கள் போய் மறையும் வரை அப்பா மணலுக்குள்ளேயே நின்றார். பிறகு அம்மாவைப் பார்த்துக் கேட்டார்.

"இங்க இருந்த மண்ணு எங்க?"

அம்மா அப்போதுகூடப் பொய் சொல்லப் பார்த்தாள் என்று நினைக்கிறேன். பிறகு பையை இறக்கிக் கீழே வைத்தாள். இந்தப் பள்ளத்தைத் தோண்டிய அன்றைக்கு அவள் புல் நடும் கூட்டத்தோடு இங்கேதான் இருந்தாளாம். குரோட்டன் செடி வேரோடு வாரியில் வருவதைப் பார்த்திருக்கிறாள். ஓடிப்போய் நிறுத்தச் சொல்லியிருக்கிறாள். இயந்திரத்தில் உட்கார்ந்திருந்தவனுக்கு அந்தச் சத்தத்தில் ஒன்றும் காதில் விழவில்லை. மண் லாரியில் ஏறிவிட்டது.

"லாரி பின்னாலயே நடந்து போனேங்க. ஆபீசுக்குப் பின்னால சதுப்பா கெடந்துச்சில்ல, அத மேடாக்கக் கொட்டுனாங்க. இப்ப வேலைக்காரங்க மோட்டார் நிறுத்துற எடம்லா அது."

நான் புல்லில் உட்கார்ந்திருந்தவள் அப்படியே அவளைப் பார்த்தேன். இரண்டு வருடமாக என் மோட்டார் சைக்கிளை அங்கேதான் நிறுத்திக்கொண்டிருந்தேன். மழை நாளில் சேறு என்று அந்த மண்ணைத் திட்டியிருக்கிறேன். சப்பாத்தில் ஒட்டியதைக் குச்சியால் சுரண்டிப் போட்டிருக்கிறேன். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கத்தினேன். அவள் என்னைப் பார்க்காமல் அப்பாவிடமே சொன்னாள்.

"ஒங்க மக அப்பதான் மோட்டார் வாங்கியிருந்துச்சு. அங்கதான் நிறுத்தணும்னு சொல்லிட்டாங்க. நான் என்னான்னு சொல்லுவேன்? நீங்களாவது அவன் புல்லுக்கு அடியில இருக்கான்னு நெனச்சிக்கிட்டு இருங்கன்னு விட்டுட்டேன்."

அப்பா அவளைத் திட்டவில்லை. மேலே ஏறி வர அவளிடம் கையை நீட்டினார். அவள் பிடித்துத் தூக்கினாள். அதற்குப் பிறகு, கேடிகளின் விதிப்படி, அவர் கால் பதிந்த மணலையெல்லாம் அம்மா மரக் கட்டையால் இழுத்துச் சமப்படுத்திவிட்டுத்தான் வந்தாள். அவளைத் தடுக்க வேண்டும் போல் இருந்தது. தடுக்கவில்லை.

மீதி ஹோல்களை ஆடவில்லை. குச்சிகளையும் சப்பாத்தையும் கவுண்டரில் கொடுத்தோம். என் இடத்தில் உட்கார்ந்திருந்த பெண், அங்கிள் நன்றாக ஆடினாரா என்று கேட்டாள். நேரே ஆபீசின் பின்பக்கம் போனோம். அங்கே போக யாரும் சீட்டுக் கேட்கவில்லை, ரசீது கேட்கவில்லை. எங்கள் வீட்டிலிருந்து யார் வேண்டுமானாலும், எந்த நாளிலும், ஒரு காசு இல்லாமல் வந்திருக்கலாம். இருநூற்று ஐம்பத்தெட்டு வெள்ளிக்காக மூன்று மாதம் கண் விழித்த மனிதர் அந்தத் தகரக் கொட்டகைக்கு முன்னால் நிற்பதைப் பார்க்கப் பார்க்க எனக்கு யார் மேல் கோபப்படுவதென்றே தெரியவில்லை. மேனேஜர் மேலா, நோட்டுப் புத்தகக்காரர் மேலா, அம்மா மேலா, என் மேலா?

கொட்டகை முழுக்க மோட்டார்கள் நெருக்கியடித்து நின்றன. அப்பா கால்சட்டைப் பைக்குள்ளிருந்து மெழுகுவர்த்தியை எடுத்தார். தீப்பெட்டியை உரசுவதற்குள் ஜாகா ஓடி வந்துவிட்டார். மலாய்க்காரர், அப்பாவின் வயதுதான் இருக்கும். வண்டிகளில் பெட்ரோல் இருக்கிறது, நெருப்புப் பற்ற வைக்கக் கூடாது என்றார். அவர் சொன்னதிலும் தப்பில்லை. அம்மா அவரிடம் மலாயில் ஏதோ மெதுவாகச் சொன்னாள். அவர் கீழே மண்ணைப் பார்த்தார், பிறகு தன் சப்பாத்தைப் பார்த்தார், இரண்டடி பின்னால் போய் நின்றார்.

நான் என் மோட்டாரைத் தள்ளிக்கொண்டு போய் ரோட்டோரமாக நிறுத்திவிட்டு வந்தேன். ஜாகா இரண்டு பக்கமும் இருந்த வண்டிகளைக் கொஞ்சம் நகர்த்தி, வண்டிகளில் படாமல் ஏற்றிக்கொள்ளுங்கள் என்று கையைக் காட்டினார். என் மோட்டார் நின்ற இடம் மட்டும் காலியாக இருந்தது. அப்பா அங்கே மண்டியிட்டு மெழுகுவர்த்தியை ஏற்றினார். அதற்கு மேல் இடம் கிடைக்கவில்லை. அண்ணன் மூன்று மாதக் குழந்தை, அந்த இடமே அவனுக்குப் போதுமானதாக இருந்தது.